கையெழுத்து எண்ணிக்கையை வைத்து ஊரின் பங்கை அளக்காதீர்கள்: சித்தூர் தாலுகா அனுபவங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் சுகாதார வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயல்கூட்டத்தில் (குடும்பஸ்ரீ பெண்களின் சேமிப்பு-கடன் குழு) 10 முதல் 20 பேர் இருப்பார்கள். தவணை கட்டும் நாளில் வகுப்பு வைத்தால் அத்தனை கையெழுத்தும் விழும், ஆனால் அவர்கள் வந்தது தவணைக்கு. மினிட்ஸ் நோட்டில் கடைசி ஆறு கூட்டங்களைப் புரட்டுங்கள். ஒவ்வொரு தீர்மானத்தையும் யார் சொன்னார், யார் செய்வதாக ஏற்றார், அடுத்த கூட்டத்தில் அதை யாராவது கேட்டார்களா? "டெங்கு பற்றி விளக்கப்பட்டது" என்ற வரிக்கு மதிப்பெண் இல்லை. "ஸ்கூலுக்குப் பின்னால் கிடக்கும் டயரை ஞாயிறுக்குள் எடுப்பது, பொறுப்பு கிழக்கு வீதி" என்று இருந்தால் ஊர்க்காரர்கள் பேசியிருக்கிறார்கள்.

மினிட்ஸ் நோட்டைப் பார்ப்பதோடு, ஊரின் பங்கை அளக்கச் சிலந்திவலைப் படமும் போடுங்கள். சூசன் ரிஃப்கினும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் வெளியிட்ட முறை. தேவையைக் கண்டறிதல், தலைமை, அமைப்பு, பணமும் பொருளும் திரட்டுதல், நிர்வாகம் என்று நடுவிலிருந்து ஐந்து கோடுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. சிமெண்டுத் தரையில் சாக்பீஸே போதும். பத்துப் பேருக்கு ஐம்பது புளியங்கொட்டை வேண்டும். கோட்டின் மேல் ஒவ்வொருவராக வைக்கச் சொன்னால் முதல் ஆள் வைத்த இடத்திலேயே மற்றவர்களும் வைப்பார்கள். அதனால் எத்தனை மார்க்கோ அத்தனை கொட்டையைக் கைக்குள் மூடி, ஒரே நேரத்தில் திறக்கச் சொல்லுங்கள். வார்டு மெம்பர் அங்கே உட்கார்ந்திருந்தால் தலைமைக்கு எல்லாரும் 5 தான் போடுவார்கள்! பெண்களுக்குத் தனி வட்டம் கட்டாயம். ஒருவர் 5, ஒருவர் 1 என்றால் சராசரி 3 என்று எழுதிவிடாதீர்கள்; ஏன் இந்த வித்தியாசம் என்று அங்கேயே பேசவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மார்க் குறைந்தாலும் பதற வேண்டாம். விவரம் தெரிந்ததும் கறாராகப் போடுவார்கள். பக்கத்துப் பஞ்சாயத்தோடு ஒப்பிடவே கூடாது, அதே ஊரை அதே ஊரோடு மட்டும்.

நம் பக்கத்துச் சிக்கல் மொழி. மினிட்ஸ் மலையாளத்தில் இருக்கும், வயதான பெண்களுக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். அவர்களுக்குத் தீர்மானத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகு மார்க் கேளுங்கள். வார்டு சுகாதாரக் கமிட்டிக்கு வரும் அண்டைட் ஃபண்டில் (இன்ன செலவுக்கு என்று கட்டிப்போடாத பணம்) மீதி எவ்வளவு என்று, கமிட்டியில் இல்லாத மூன்று பேரிடமும் விசாரியுங்கள். கொசுப்புழு இருந்த பாத்திரங்களை நூறு வீட்டுக்கு எத்தனை என்று எண்ணும் பிரீட்டோ குறியீடு குறைந்ததை மட்டும் காட்டி வெற்றி என்று எழுதுகிறார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் ஆஷாவும் (ஊர் சுகாதாரப் பணியாளர்) நர்சும் வராத வாரத்தில் ஃபிரிட்ஜின் பின்தட்டையும் ஆட்டுத் தொட்டியையும் போய்ப் பாருங்கள். காய்ந்திருந்தால், யார் கவிழ்த்தது என்று வீட்டில் கேட்டு அந்தப் பெயரை எழுதுங்கள்.