சேர்ந்த காசு முட்டைக்கா, கடற்புல்லுக்கா?

கல்கிசைவாசி:
எங்கட கடற்கரைத் துப்புரவுக் குழுவில சேர்ந்த காசை கொஸ்கொட பக்கம் ஒரு ஆமைக் குஞ்சு பொரிப்பகத்துக்குக் குடுப்பம் என்று போன கூட்டத்தில கதைச்சது. என்ர ஆதரவு அதுக்குத்தான். கல்கிசையிலயும் ஆமை ஏறுது. விடியிறதுக்குள்ள முட்டையைக் கிண்டிக்கொண்டு போயிடுறாங்கள். கண்ணுக்கு முன்னால நடக்கிற களவை முதல்ல நிப்பாட்டவேணும்.

மன்னார்மகள்:
அண்ணா, களவைத் தடுக்கிறதுக்கு நான் எதிரில்லை. ஆனா மன்னார்ப் பக்கத்துக் கடற்புல்லைக் காக்கவும் காசு குடுக்கவேணும். ஆமை கரைக்கு வருமா என்றது அது மேயிற இடத்திலதான் முடிவாகுது. கடற்புல் மேயிற பச்சை ஆமை, அதுதான் பேராமை, முட்டையிடுற காலத்தில அநேகமா ஒண்டும் தின்னாது. ஒரு குழியில நூறு முட்டையளவு இடும், பிறகு ரெண்டு கிழமையளவில திரும்ப ஏறும். வாற தூரம், போற தூரம், முட்டை எல்லாத்துக்கும் மேய்ச்சல்ல சேர்த்த கொழுப்புத்தான் கை குடுக்கும். அது சேராட்டி அந்த வருசம் வராது. அதாலதான் ரெண்டு, மூண்டு, நாலு வருசத்துக்கு ஒருக்கா வருது.

அவுஸ்திரேலியாவின்ர பெருந்தடுப்புப் பவளப்பாறைப் பக்கம், எல் நினோ (பசிபிக் கடல் வழமையை விடச் சூடாகிற காலம்) வந்து ரெண்டு வருசத்தால முட்டையிட வாற பேராமை கூடுது என்று 1988இலேயே ஆய்வாளர் எழுதினவை. ஒரு குஞ்சு முட்டையிடுற வயசுக்கு வர பல பத்து வருசம் வேணும். அப்ப அந்தக் கூடுதல் புதுக் குஞ்சுகளால வந்ததில்லையே, மேய்ச்சலாலதான் இருக்கவேணும்.

கல்கிசைவாசி:
தங்கச்சி, இங்க முட்டையிடுற ஐஞ்சு இனத்தில பேராமைதான் முக்கியமா புல் தின்னுறது. சிற்றாமை நண்டு, இறால் தேடும். ஏழுவரி ஆமைக்கு ஜெல்லி மீன். தென்கரையில ஆமை முட்டையிடுற றெக்காவையில செய்மதிக் கருவி பூட்டிவிட்ட பேராமையளும் ஒரே இடத்துக்குப் போகேல்லை. சிலது மன்னார் வளைகுடாவுக்கு, சிலது இலங்கைக்கு வெளியால. எங்கட சின்னக் காசு எந்தக் கடலுக்குக் காணும்?

கற்பிட்டியான்:
பொரிப்பகத்தைப் பற்றியும் யோசியுங்கோ. குஞ்சு வெளிய வந்த முதல் நாள், உடம்பில மிஞ்சின மஞ்சட்கருவின்ர பலத்தில ஓயாமல் ஆழ்கடலுக்கு நீந்தும். அதைத் தொட்டியில போட்டுப் பார்வையாளருக்குக் காட்டினா அந்தப் பலம் சுவரில முட்டி முட்டியே முடிஞ்சிடும்.

மன்னார்மகள்:
அதோட இழுவைமடி, கடலடியை வாரி இழுக்கிற வலை. இலங்கையில 2017இல சட்டத்தால தடுத்தாச்சு, ஆனா மடி இழுத்த இடத்தில கடற்புல் வேரோட கிளம்பி வருது. பேராமை ஒரே திட்டைத் திரும்பத் திரும்ப மேஞ்சு, இளந்தளிரைத்தான் விரும்பித் தின்னும். வேர் போனா தளிர் எங்க?

கல்கிசைவாசி:
தொட்டி வேண்டாம், அதுக்குச் சம்மதம். றெக்காவையில முந்தி முட்டை எடுத்த ஆக்களுக்கே சம்பளம் குடுத்து, குழியை இருந்த இடத்திலயே காவல் காத்தவை. அப்பிடிக் காவலுக்குக் குடுப்பம். புல்லுக்குக் குடுக்க எனக்கு இன்னும் மனம் வரேல்லை.

மன்னார்மகள்:
பாதியாவது மன்னாருக்கு வேணும். அடுத்த கூட்டத்தில வாக்கெடுப்புக் கேப்பன்.