மூன்று பேருக்கு இடம் போதவில்லை: தங்குமிடச் சான்றிதழ் குறித்து உதவி தேவை

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய மரத்தளவாடப் பட்டறை நடத்துகிறேன். எட்டு நேப்பாளத் தொழிலாளர்களுக்காக ஒரு வரிசை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். தொழிலாளர் தங்குமிடத்தின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 446-ஆம் சட்டப்படி தங்குமிடச் சான்றிதழ் வேண்டும். அளவுநாடாவை விரித்ததும் தலை சுற்றியது. படுக்கையிடம் ஆளுக்கு 3.6 சதுர மீட்டர். பெரிய அறை 13.4, நான்காமவருக்குச் சரியாக ஒரு சதுர மீட்டர் குறைகிறது! சின்ன அறை 9.3, இருவர்தான். ஆக, மூவர் மிச்சம்.

ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை என்பதால் பின்கட்டில் இரண்டாவதைக் கட்டிவிட்டேன். மெத்தை, பூட்டுள்ள அலமாரி வாங்கியாயிற்று. அடுக்குக் கட்டில் போட்டுப் பார்த்தேன். தரை வளருமா என்ன? பக்கத்து வீடும் வாடகைக்குக் கிடைக்கவில்லை. விண்ணப்பத்தை அடுத்த மாதத்துக்குள் அனுப்ப வேண்டும்.

கூடம் 20 சதுர மீட்டர். அதில் பாதிக்குச் சற்று அதிகமான இடத்தைப் பலகையால் தடுத்துப் படுக்கையறையாக்கி, யாராவது சான்றிதழ் பெற்றிருக்கிறீர்களா?