கார்ஸ்டேல் ரயில் நிலையம்: பெரியப்பாவுடன் ஒரு மதியம்

பிடித்த ரயில் நிலையம் பற்றிய இந்த இழையில் எல்லோரும் பெரிய ஸ்டேஷன்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு குட்டி ஸ்டேஷனைப் பற்றிச் சொல்கிறேன். வட இங்கிலாந்தில் செட்டில்–கார்லைல் பாதையில் இருக்கும் கார்ஸ்டேல். பக்கத்தில் ஊர் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இரண்டு நடைமேடை, ஒரு வரிசை ரயில்வே வீடுகள், சுற்றிலும் புல்மேடு, ஆடுகள், ஓயாத காற்று.

ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். ரயில்வே சிக்னல் கேபினில், லீவர்களை இழுத்து சிக்னல் போடும் லீவர்மேனாக 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். லண்டன் போகலாமா என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும், இங்க பழைய கேபின் எங்கம்மா இருக்கு?" என்றார். லீட்ஸில் ரயில் ஏறினோம்.

கார்ஸ்டேலை 1876-இல் மிட்லண்ட் ரயில்வே திறந்தது. பல காலம் அதற்கு ஹாஸ் ஜங்ஷன் என்று பெயர். ஹாஸ் ஊருக்கு இங்கிருந்து ஒரு கிளைப்பாதை போனது. 1959-இல் அதை மூடிவிட்டார்கள். அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்த ரயில்வே குடும்பங்களுக்கு எல்லாமே ஸ்டேஷன்தான். காத்திருப்பு அறையில் ஞாயிறு வழிபாடு நடக்கும், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருந்த அறையில் நடனம் நடக்கும். எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை ஒன்றும் இருந்தது. ஒருமுறை காற்று எஞ்சினோடு சேர்த்து அதைச் சுற்றிவிட, நிறுத்தவே முடியவில்லையாம். அப்புறம் பழைய ஸ்லீப்பர் கட்டைகளை நட்டுச் சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்றால் இந்தக் கதையை நம்பிவிடுவீர்கள்.

பெரியப்பாவின் கண் முழுக்க சிக்னல் கேபின் மேல்தான். மரத்தால் ஆனது, 1910-இல் கட்டியது. இன்றும் லீவர் இழுத்துத்தான் சிக்னல் போடுகிறார்கள். உள்ளே போக அனுமதி இல்லை, வெளியே நின்றே பார்த்தோம்.

கட்டிய அதே வருடம் டிசம்பர் 24 விடியற்காலை இங்கே நடந்ததை அவரிடம் சொன்னேன். நல்ல இருட்டு, மழை. ஏற்றத்தில் ரயில்களுக்கு உதவிவிட்டுத் திரும்பும் எஞ்சின்கள் பல, கேபின்காரருக்கு ஓயாத வேலை. கார்லைல் போகவேண்டிய இரண்டு லைட் எஞ்சின்களை (பெட்டி இல்லாமல் தனியாகப் போகும் எஞ்சின்கள்) முன்னால் இருந்த சிக்னலில் நிறுத்தியவர், வேலை மும்முரத்தில் அவற்றை மறந்துவிட்டார். லண்டனிலிருந்து கிளாஸ்கோ போகும் எக்ஸ்பிரஸுக்கு, போகலாம் என்று சிக்னலை இறக்கினார். தங்களுக்குத்தான் என்று நினைத்து எஞ்சின்கள் கிளம்பின. எக்ஸ்பிரஸ் பின்னால் வேகமாக வந்து இடித்தது. பெட்டிகளில் கேஸ் விளக்கு. தீப்பிடித்து 12 பேர் இறந்தார்கள்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எவ்வளவு நேரம் நின்னாங்க?" என்றார்.

"20 நிமிஷம் போல."

"அவ்வளவு நேரமா? ஃபயர்மேன் இறங்கி கேபினுக்குப் போய், நாங்க இங்க நிக்கிறோம்னு சொல்லியிருக்கணுமே. அதுக்குத்தானே ரூல்!"

ஆமாம், அந்த விதி அப்போதே இருந்தது. யாரும் போகவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் மிட்லண்ட் ரயில்வே, தண்டவாளத்தில் வண்டி நிற்பதைத் தானாகவே காட்டும் டிராக் சர்க்யூட்டைப் பல இடங்களில் மளமளவென்று போட்டது. தன் கேபினில் வண்டி நிற்கும்போதெல்லாம் லீவரை மறந்து இழுத்துவிடாதபடி தடுக்கும் காலர் என்ற வளையத்தை அதில் மாட்டிவைப்பாராம் பெரியப்பா. "கை தன்னால போகும். ஆனா தூக்கம் வர்ற நேரம்னு ஒண்ணு இருக்கும்மா" என்றார். அந்த 1910 கேபின்காரரைப் பற்றி ஒரு குறைகூட அவர் சொல்லவில்லை.

மறுமொழி:
அருமை. நடைமேடையில் இருக்கும் நாய்ச் சிலையைப் பார்த்தீர்களா? போன குளிர்காலத்தில் மலையேறப் போனபோது அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். ரஸ்வார்ப் என்று பெயர். இந்தப் பாதையை மூட 1980-களில் முயன்றபோது எதிர்த்துக் கையெழுத்திட்டவர்கள் சுமார் 32,000 பேர். அதில் இந்த நாயின் கால்தடமும் ஒன்று, அதையும் ஏற்றுக்கொண்டார்கள்! 1989 ஏப்ரலில் பாதை பிழைத்தது. அடுத்த ஜனவரியில், போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான அதன் எஜமானர் கிரகாம் நட்டால் வேல்ஸ் மலையில் இறந்துபோனார். 11 வாரம் கழித்துக் கண்டுபிடித்தபோது நாய் உடலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுமொழி:
பார்த்தோம். பெரியப்பா அதன் தலையைத் தடவிக்கொடுத்தார். எப்படிப் போவது என்று கேட்டவருக்கு: லீட்ஸ்–கார்லைல் நார்தர்ன் ரயில் இங்கே நிற்கும். 1970-இல் மூடிய ஸ்டேஷனை 1986-இல் திரும்பத் திறந்தார்கள். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், அதனால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். ஸ்டேஷனில் ஊழியர் இல்லை, கடையும் இல்லை. ஹாஸ் போக லிட்டில் ஒயிட் பஸ் வரும். மே மாதமே ஆனாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்கு என்னுடையதையும் கொடுக்க வேண்டியதாயிற்று.