ஆறு எழுத்து, நாலாவது ஜி, ஐந்தாவது எச்: ஆங்கிலச் சொல்லை எப்படித் தேடுவது?

கல்லிடை டியூஷன் அக்கா:
வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன். ஏழாவது, எட்டாவது பிள்ளைகள், எல்லாரும் தமிழ்வழி. பாடம் முடிந்ததும் கொஞ்ச நேரம் ஆங்கிலச் சொல் விளையாட்டு. பலகையில் ஆறு கட்டம் போட்டு நாலாவதில் ஜி, ஐந்தாவதில் எச் என்று எழுதிவிட்டு மிச்சத்தை நிரப்பச் சொல்வேன். பிள்ளைகள் ஏ, பி, சி என்று வரிசையாகப் போட்டுப் பார்த்து, முதல் கட்டத்திலேயே களைத்துவிடுகிறார்கள். செல்போன் வைத்திருக்கும் பையன் ஏதோ ஒரு தளத்தில் எழுத்துகளைத் தட்டி மொத்தப் பட்டியலையும் எடுத்துவிடுகிறான். மறுநாள் அதே சொல்லைக் கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை. கையால் தேட வழி சொல்லுங்கள். புதிர் போட எனக்கும் ஒரு பட்டியல் வேண்டும். இங்கே நெட் அடிக்கடி போய்விடும்.

பாளை ஓய்வு வாத்தியார்:
தங்கச்சி, பிள்ளைகள் செய்வது மலைப்பான வேலை. காலி நாலு கட்டத்துக்கும் 26 எழுத்தையும் போட்டுப் பார்த்தால் 4,56,976 சேர்க்கை வரும். அதில் சொல்லாக நிற்பது வெகு சில. அதனால் எழுத்தைத் தேடவேண்டாம், எழுத்தின் பழக்கத்தைத் தேடச் சொல்லுங்கள்.

உங்கள் புதிரையே எடுப்போம். ஜி, எச் சேர்ந்து நடுவில் வந்தால் அதற்கு முன்னால் பெரும்பாலும் ஐ அல்லது யு. பின்னால் பெரும்பாலும் டி (டேபிளில் வரும் டி), இல்லையென்றால் எஸ். ஆக, மூன்றாவது கட்டமும் ஆறாவது கட்டமும் கிட்டத்தட்ட முடிந்தது. மூன்றாவதில் ஐ போட்டால் ப்ரைட், ஃப்ளைட், நைட் (குதிரைவீரன்), வெயிட், ஹைட் எல்லாம் வந்து நிற்கும். யு போட்டால் இரண்டாவது கட்டத்தில் ஏ அல்லது ஓ. இங்கேதான் உங்களுக்கு லாபம்: கேட்ச், டீச், பை, ஃபைட், சீக் ஐந்துக்கும் இறந்தகாலம் இந்தக் கட்டத்தில் அச்சாகப் பொருந்தும். ப்ரிங், திங்க் இரண்டின் இறந்தகாலமும் ஏழெழுத்து, உட்காராது. ஒரு புதிரில் ஐந்து வினைச்சொல்லைப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் பார்த்துவிடுவார்கள். நான் வகுப்பில் இறந்தகாலத்தை ஒப்பிக்கவைத்ததைவிட இது நன்றாகப் பதிந்தது.

எழுத்துகள் மட்டும் தெரிந்து இடம் தெரியாவிட்டால் அவற்றை வட்டமாக எழுதச் சொல்லுங்கள். வரிசையாக எழுதினால் கண் அதே வரிசையில்தான் வாசிக்கும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி எழுத்துச் சில்லுகளும் செய்யலாம். எழுத்துச் சில்லுகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் விளையாட்டில் மொத்தம் 100 சில்லு. ஈ 12, ஏ 9, ஐ 9, க்யூவும் இசட்டும் ஒவ்வொன்றே. அந்த விளையாட்டை அமைத்த ஆல்ஃபிரட் பட்ஸ் பத்திரிகைப் பக்கங்களில் எழுத்துகளை எண்ணி இந்தக் கணக்குக்கு வந்தார். எஸ் நாலுதான் வைத்தார், பன்மையாக்கியே ஜெயித்துவிடக் கூடாது என்று. நீங்களும் எஸ் சில்லைக் குறைவாக வெட்டுங்கள்.

கங்கைகொண்டான் கணினி:
அக்கா, பட்டியலுக்கு நெட் வேண்டாம். பழைய கணினியில் உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஒரு இயங்குதளம்) இருந்தால் அதில் ஆங்கிலச் சொற்பட்டியல் ஒரு கோப்பாகக் கிடைக்கும். இல்லையென்றால் ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும். கோப்பில் நாம் கொடுக்கும் வடிவத்துக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் எடுத்துக் காட்டுவது கிரெப் கட்டளை. 1973-இல் கென் தாம்சன் எழுதியது, இதற்கென்றே செய்தது போல இருக்கும். தெரியாத கட்டத்துக்கு ஒரு புள்ளி. உங்கள் புதிருக்கு ^ குறி, மூன்று புள்ளி, ஜி, எச், ஒரு புள்ளி, $ குறி. ^ என்றால் வரியின் தொடக்கம், $ என்றால் முடிவு. இந்த இரண்டையும் விட்டுவிட்டால் டாட்டர் (மகள்) மாதிரி நீளமான சொல்லும் உள்ளே வந்துவிடும்.

இடம் தெரியாமல் எழுத்து மட்டும் தெரிந்தால், முதலில் ^, $ குறிகளுக்கு நடுவே ஆறு புள்ளி போட்டு ஆறெழுத்துச் சொற்களை எடுங்கள். அதன் விடையை | குறியால் அடுத்த கிரெப்புக்குள் தள்ளி ஒவ்வொரு எழுத்தாக வடிகட்டுங்கள். வரக்கூடாத எழுத்துக்கு -வி சேர்த்தால் போதும். பட்டியலில் ஆள் பெயர், ஊர்ப் பெயரும் கிடக்கும், பார்த்துத் தள்ளிவிடுங்கள்.

மேலப்பாளையம் மாணவி:
அக்கா, ஒன்று சொல்லணும். க்யூ வந்தால் பக்கத்தில் யு வந்தே தீரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். எஃப், ஏ, க்யூ, ஐ, ஆர்: ஃபகீர். என், ஐ, க்யூ, ஏ, பி: நிகாப். இரண்டும் ஐந்தெழுத்து, ஸ்க்ராபிள் போட்டிப் பட்டியலில் இருப்பவை. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். புதிரில் தன் வீட்டுச் சொல் வந்தால் பிள்ளை அடுத்ததையும் தேடும்.

பாளை ஓய்வு வாத்தியார்:
நல்ல சொற்கள் மகளே. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் குவீன், குயிக் பதியட்டும். ஃபகீரை எட்டாவதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கல்லிடை டியூஷன் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. இறந்தகாலப் புதிரை இன்றைக்கே போட்டேன். பை-யின் இறந்தகாலத்தை அந்தச் செல்போன் பையன்தான் முதலில் பிடித்தான், போனைத் தொடவில்லை. சார், இன்னொரு சந்தேகம்: ஏ, ஈ, ஐ, ஓ, யு ஐந்துமே இல்லாத சொல்லைக் கேட்டால் எங்கிருந்து தொடங்கச் சொல்ல?

பாளை ஓய்வு வாத்தியார்:
ஒய்-யிலிருந்து. அந்த ஐந்தும் இல்லாத சொல்லில் அந்த வேலையை அநேகமாக ஒய்தான் பார்க்கும். அதைச் சொல்லின் நடுவில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறெழுத்துக்கு ரிதம். ஐந்தெழுத்துக்கு எம், ஒய், ஆர், ஆர், எச்: மிர், அதாவது வெள்ளைப்போளம். கிறிஸ்துமஸ் நாடகத்தில் குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவரும் சாஸ்திரியாக நடித்த பிள்ளை இருந்தால் "பொன், தூபவர்க்கம், அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள்.