இந்த ராஜர்ஸ் பேனாக்கத்தியின் காலம் சொல்ல முடியுமா?

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் செய்த பழைய மடக்குக் கத்திகளை நாலு வருஷமாகச் சேர்த்து வருகிறேன். போன வாரம் பழைய சாமான் சந்தையில் அந்த ஊர் ஜோசப் ராஜர்ஸ் கம்பெனியின் கத்தி ஒன்று கிடைத்தது, மான்கொம்புக் கைப்பிடி, இரண்டு அலகு, பெரியதைத் திறந்தால் ஸ்பிரிங் இன்னும் 'டக்' என்று பிடிக்கிறது, கேட்கவே அவ்வளவு சந்தோஷம்.

அலகின் அடியில் அந்தக் கம்பெனியின் முத்திரையான நட்சத்திரமும் மால்டா சிலுவையும் தெளிவாக இருக்கின்றன. மேலே கிரீடம், அதன் இரு பக்கமும் எழுத்து; வலப்பக்கம் 'ஆர்', இடப்பக்கம் தேய்ந்துவிட்டது. அது 'வி' என்றால் விக்டோரியா காலம், 1901க்கு முந்தையது. 'ஜி' என்றால் ஜார்ஜ் மன்னர் காலம், பெரும்பாலும் 1910க்குப் பிறகு. லென்ஸ் வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை. 'இங்கிலாந்து' என்ற சொல்லும் எங்கும் இல்லை. கைப்பிடியின் அமைப்பை வைத்தே காலம் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

அப்புறம், சின்ன அலகின் மூட்டில் துரு. கார்பன் எஃகு, நாள்பட்டு ஏறிய அந்தச் சாம்பல் நிறம் போகக்கூடாது. உப்புத்தாள் போடவே மாட்டேன், முன்பு ஒரு கத்தியை ஒருவரிடம் கொடுத்து முத்திரையே அழிந்து வந்தது, இன்னும் மனசு ஆறவில்லை. எண்ணெயில் ஊறவைத்தால் கொம்புக்கு ஏதாவது ஆகுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். படங்கள் கீழே.