வலப்பக்கமா ஏறினா வண்டி சாயுது: ஏற்காட்டுச் சரிவுல எப்படி நிறுத்துறது?

இடதுகைக்காரன்:
வேலை கிடைச்சு ஏற்காட்டுக்கே குடி வந்துட்டேன். கையில பழைய ஸ்பிளெண்டர். எனக்கு இடது கை, இடது கால்தான் பழக்கம். அதனால வண்டிக்கு வலப்பக்கம் நின்னு, இடது காலைத் தூக்கிப் போட்டுதான் ஏறுவேன். சேலத்துல இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல. இங்க வாசல்ல ஏறப் போனாலே வண்டி என் மேல சாயுது. நேத்து வலது இண்டிகேட்டர் உடைஞ்சது. சைடு ஸ்டாண்டை வெல்டிங் வெச்சு நீளம் கூட்டினா சரியாகுமா? வலப்பக்கமா ஏறுறதே தப்பா?

மலைக்காற்று:
குதிரை காலத்துப் பழக்கம் தம்பி. வாள் இடது இடுப்புல தொங்கும், அதனால இடப்பக்கமா ஏறினாங்கன்னு சொல்வாங்க. உங்ககிட்ட வாள் இல்லையே, எந்தப் பக்கம் வேணா ஏறுங்க 😀

கோரிமேடு பட்டறை:
வாளை விடுங்க, ஸ்டாண்டு எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. சைடு ஸ்டாண்டு இடப்பக்கம், வண்டி சாய்ஞ்சு நிக்கிறதும் இடப்பக்கம். இடப்பக்கமா ஏறினா நம்ம எடை ஸ்டாண்டு மேல இறங்கும். வலப்பக்கம் நின்னு ஹேண்டில் பாரைப் பிடிச்சு இழுத்தா, ஸ்டாண்டுல இருக்கற வண்டியை நாமே நிமித்தி நம்ம மேல கவுத்துக்கறோம். சாய்ஞ்ச வண்டிக்கு வலப்பக்கம் சீட் உயரமும் கூட, காலை அதிகமாத் தூக்கணும். சைலன்சரும் அந்தப் பக்கம்தான், மலை ஏறி வந்த சூட்டுல கெண்டைக்கால்ல பட்டா தோல் உரிஞ்சிடும்.

தம்பி, வெல்டிங் மட்டும் வேண்டாம். வாசல்ல எந்தத் திசையில நிறுத்துறீங்க, சரிவு எந்தப் பக்கம் இறங்குதுன்னு முதல்ல சொல்லுங்க.

இடதுகைக்காரன்:
முன் சக்கரம் வீட்டுச் சுவரைப் பார்த்து இருக்கும். சந்து எனக்கு வலப்பக்கமா இறங்குது. நல்ல சரிவுங்கண்ணா, தண்ணிக் குடத்தை வெச்சா உருண்டுடும்.

கோரிமேடு பட்டறை:
அதான் விஷயம். ஸ்டாண்டு இருக்கற இடப்பக்கம் மேடாப் போச்சு. அது வண்டியைத் தூக்கி நேரா நிமித்தி வெச்சிருக்கு. விரல்ல தொட்டாலும் வலப்பக்கம் பள்ளத்துல விழும். இதுல ஸ்டாண்டை நீளமாக்கினா இன்னும் நிமிரும். திருப்பி நிறுத்தினாலும் உதவாது, அப்போ இடப்பக்கம் பள்ளமாகி அதிகமா சாயும்.

குறுக்க நிறுத்தாதீங்க. சரிவோட நீளத்துக்கு, மூக்கு மேட்டைப் பார்க்கற மாதிரி நிறுத்துங்க. நீங்க சொல்ற அமைப்புல வீட்டுச் சுவர் வலப்பக்கம் வந்துடும், ஸ்டாண்டு பக்கம் காலியா இருக்கும். உட்கார்ந்தபடியே முதல் கியர் போட்டு இன்ஜினை நிறுத்துங்க. கிளச்சை விட்டு, பிரேக்கை மெதுவா விடுங்க. வண்டி கொஞ்சம் பின்னாடி போய் கியர்ல 'டக்'குனு மாட்டும். அதுக்கப்புறம் ஸ்டாண்டை முழுசா முன்னாடி தள்ளிச் சாயுங்க.

மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்னா, வண்டி முன்னாடி நகர்ற வேகத்துல ஸ்டாண்டு பின்னாடி மடங்கிடும். கோடை விழா சமயத்துல ஏரிப் பக்கம் இப்படி விழுந்து கிடக்கற வண்டிங்களைப் பார்த்திருப்பீங்க.

சாந்தி_அஸ்தம்பட்டி:
நம்ம ஊர்ல இடப்பக்கம்தான் ரோட்டோரம். வலப்பக்கம் நின்னா பஸ் உரசிட்டுப் போகும், அதுவும் அந்த 20 கொண்டை ஊசி வளைவுல சொல்லவே வேண்டாம். எங்கம்மா சேலையோட ரெண்டு காலையும் இடப்பக்கம் போட்டுதான் உட்காருவாங்க, சாரி கார்டும் அந்தப் பக்கம்தானே. ஒண்ணு மட்டும்: வண்டி ஸ்டாண்டுல இருக்கறப்போ பின்னாடி ஆளை ஏத்தாதீங்க. நீங்க ஏறி ரெண்டு காலையும் ஊனின பிறகு ஏறச் சொல்லுங்க.

மலைக்காற்று:
அமெரிக்காவுல ரோட்டுக்கு வலப்பக்கம் ஓட்டுறாங்க, அங்கேயும் ஸ்டாண்டு இடதுதான். அப்போ பஸ் காரணம் எடுபடலையே?

சாந்தி_அஸ்தம்பட்டி:
ஸ்டாண்டை ஏன் அங்க வெச்சாங்கன்னு நான் சொல்லலீங்க. நம்ம ரோட்டுல எந்தப் பக்கம் நின்னா அடிபடாம இருக்கலாம்னு சொன்னேன்.

எஸ்டேட் வாசி:
நான் மேலேதான் இருக்கேன். மழைக்கு ரோட்டோர மண்ணு பொதபொதன்னு ஆயிடும். ஸ்டாண்டு நுனி மெதுவா உள்ள இறங்கி, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள வண்டி படுத்திருக்கும். சப்பைக் கல்லு ஒண்ணை அடியில போடுங்க. சித்திரை வெயில்ல சேலத்துத் தார் ரோட்டுக்கும் இதேதான். டபுள் ஸ்டாண்டு சமதளத்துல மட்டும்.

எங்க வீட்டு ஸ்கூட்டிக்கு கியர் கிடையாது. மூக்கை மேட்டுப் பக்கம் வெச்சு, பிரேக் லாக்கைப் போட்டு, பின் சக்கரத்துக்குப் பின்னாடி ஒரு கல்லு முட்டுக் கொடுக்கறோம்.

இடதுகைக்காரன்:
நீளவாக்குல நிறுத்திப் பார்த்தேன், ஆட்டினாலும் அசையல. ஆனா இடப்பக்கமா ஏற வரவே மாட்டேங்குது. வலது காலைத் தூக்கினா பேலன்ஸ் போகுது.

கோரிமேடு பட்டறை:
வலப்பக்கமா ஏறக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் இல்ல. சுவருக்கும் வண்டிக்கும் நடுவுல நிக்க இடம் விட்டு நிறுத்துங்க. முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுட்டு, ஹேண்டில் பாரை உங்க பக்கம் இழுக்காம ஸ்டாண்டு பக்கமே அழுத்தி வெச்சு ஏறுங்க. ரோட்டுல மட்டும் இடப்பக்கம் பழகிக்கோங்க, சமதளத்துல கொஞ்ச நாள் ஏறி இறங்கினா வந்துடும். காலையில வண்டி கியர்ல இருக்கறது ஞாபகம் இருக்கட்டும். பிரேக்கை விடாம நியூட்ரல் பண்ணிட்டுக் கிக்கரை உதைங்க.