பஞ்சாயத்தில் எழுதிய பிரிவுப் பத்திரமும் அக்காவின் சொத்தும்: உயில் எழுதலாமா?

கேள்வி (காவேரிப்பட்டணம்)

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவும் மாமாவும் பிரிந்து சில ஆண்டுகள் ஆகின்றன. நீதிமன்றத்துக்குப் போகவில்லை. இரு வீட்டுப் பெரியவர்களும் கோயில் திடலில் கூடிப் பேசி, 20 ரூபாய் முத்திரைத்தாளில் "இன்று முதல் ஒருவர் மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்கி, சீர்ப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்ததோடு முடித்துவிட்டார்கள். குழந்தை இல்லை. அப்பா தான செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்த ஒரு ஏக்கர் மாந்தோப்பும், தையல் தொழிலில் சேர்த்த பணத்தில் பர்கூரில் வாங்கிய மனையும் அக்காவின் பெயரில் உள்ளன. இரண்டும் என் மகளுக்குச் சேர வேண்டும் என்பது அக்காவின் விருப்பம். பத்திரம் இருப்பதால் மாமாவுக்கு உரிமையே இல்லை, உயில் தேவையில்லை என்று ஊரில் சொல்கிறார்கள். விவாகரத்து வாங்கிய பிறகே உயில் எழுத முடியும் என்கிறார் வேறொருவர். எது சரி?

பதில் (ஊத்தங்கரை)

மனையைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதும், தம்பி. குழந்தை இல்லாத பெண்ணுக்குத் தாய் தந்தை வழியில் வந்த சொத்து, அவர் காலத்துக்குப் பிறகு தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. தோப்பு உங்கள் வீட்டை விட்டுப் போகாது.

பதில் (வழக்கறிஞர், தர்மபுரி)

ஊத்தங்கரை நண்பர் சொல்வது 15(2) பிரிவு. ஆனால் அது, பெற்றோர் இறந்த பின் வாரிசுரிமையாக வந்த சொத்துக்கு மட்டுமே பொருந்தும். அப்பா உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்டாகக் கொடுத்தது அதில் சேராது. எனவே அக்கா உயில் எழுதாமல் காலமானால், தோப்பு, மனை இரண்டுமே 15(1) பிரிவின்படி முதலில் கணவருக்குப் போகும். கணவர் முன்பே இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளுக்குப் போகும். பெற்றோரின் முறை அதற்குப் பிறகுதான், உடன்பிறந்தவர்களின் முறை இன்னும் பின்னால்.

இதைப் படிப்பவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கலாம். திருமணமாகி மூன்று மாதத்துக்குள் கணவரைப் பாம்புக்கடியில் இழந்து, மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, பெற்றோர் தயவில் படித்து வேலைக்குப் போய்ச் சொத்து சேர்த்த ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தபோது, அந்தச் சொத்து கணவர் வீட்டாருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தின் வரிசையை மாற்ற முடியாது என்பதே அதன் சாரம். தனியாக வாழும் பெண்கள் உயில் எழுதுவதைத் தள்ளிப்போடுவதை நான் ஏற்காததற்கு இந்த வழக்கு ஒன்றே போதும்.

இனி, அந்த 20 ரூபாய்ப் பத்திரம். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின்படி நீதிமன்றத் தீர்ப்பாணை கிடைக்கும் வரை மாமா சட்டப்படி கணவர்தான். வழக்கப்படியான மணமுறிவை 29(2) பிரிவு ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தில் நெடுங்காலமாகத் தொடர்ந்து வரும் வழக்கம் அது என்று, அதைச் சொல்பவர் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான பஞ்சாயத்துப் பத்திரங்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை. அதை நம்பி இருவரில் ஒருவர் மறுமணம் செய்துகொண்டால், அது குற்றவியல் வழக்காகவும் மாறலாம்.

உயில் எழுத விவாகரத்து தேவையில்லை. தன் பெயரில் முழு உரிமையோடு உள்ள சொத்தை, கணவர் இருக்கும்போதே அவர் சம்மதமின்றி யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். செட்டில்மெண்ட் பத்திரத்தில் "ஆயுள் வரை அனுபவித்துக்கொண்டு" என்பது போன்ற வரி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இருந்தால் பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் உயில் எழுத வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. பத்திரத்தைப் பார்த்தேன், "சர்வ சுதந்திரமாய்" என்றே இருக்கிறது. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டுமா? பதிவு செய்தால் மாமா வீட்டாருக்குத் தெரிந்துவிடுமா? நானும் என் மனைவியும் சாட்சிக் கையெழுத்துப் போடலாமா?

பதில் (ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர், பாலக்கோடு)

பதிவு கட்டாயம் இல்லை, தம்பி. முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். இருந்தாலும் பதிவு செய்துவிடுங்கள். பதிவான உயில் சார் பதிவாளர் அலுவலகத்தில் 3-ஆம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும் வரை அதன் நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர வேறு யாருக்கும் தரப்படாது.

சாட்சி விஷயத்தில் கவனம் தேவை. குறைந்தது இரண்டு பேர், அக்கா கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்து, அக்கா முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். பின்னாளில் வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அக்காவை விட வயதில் இளையவர்களாக, உள்ளூரிலேயே இருப்பவர்களாகப் பாருங்கள். எழுபது வயதுப் பெரியவரைக் கௌரவத்துக்காக உட்காரவைத்துவிட்டு, பிறகு சாட்சி சொல்ல ஆளில்லாமல் தவித்த குடும்பங்கள் பல. நீங்களும் மனைவியும் வேண்டாம். சொல்வதற்கு மன்னிக்கவும், எழுதுகிற அன்று நீங்கள் அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். பயன் பெறுபவரோ அவர் வீட்டாரோ முன்னின்று உயிலை எழுதி வாங்கினால், அதையே சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலையாக எதிர்த்தரப்பு காட்டும்.

சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, மூலப் பத்திர எண் எல்லாம் எழுதுங்கள். கணவருக்கு ஏன் எழுதவில்லை என்று ஒரு வரியும் இருக்கட்டும். "இன்ன ஆண்டு முதல் பிரிந்து வாழ்கிறோம், எங்களுக்குள் வரவு செலவு இல்லை" என்ற அளவில் போதும், வசை வேண்டாம். பேத்தி முறையோ மகள் முறையோ, குழந்தையின் முழுப் பெயரும் பெற்றோர் பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். குழந்தை மைனர் என்றால், உயிலை நிறைவேற்றுபவராக நம்பகமான ஒருவரைக் குறிப்பிடுங்கள்.

பதில் (வழக்கறிஞர், தர்மபுரி)

அண்ணன் சொன்னதில் மாற்றமில்லை. மாமாவும் ஒத்துழைத்தால், மனமொத்த விவாகரத்துக்கு 13பி பிரிவின் கீழ் சேர்ந்தே மனுச் செய்யலாம். ஓராண்டுக்கு மேல் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. மனு கொடுத்த பின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் கூறியது. பஞ்சாயத்துப் பத்திரத்தைக் கிழித்துவிடாதீர்கள். விவாகரத்தாக அது செல்லாவிட்டாலும், எந்த நாள் முதல் பிரிந்திருக்கிறார்கள் என்பதற்கு உதவும்.

வரிசை மட்டும் மாறக் கூடாது: முதலில் உயில், பிறகு மனு. மனு நிலுவையில் இருக்கும்போது அக்காவுக்கு ஏதேனும் நேர்ந்தால், அன்றும் மாமா கணவர்தான். வழக்கறிஞர் கட்டணம் இயலாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி எண் 15100.

கேள்வி கேட்டவர்

அக்காவிடம் படித்துக் காட்டினேன். சாட்சிக்குப் பக்கத்துத் தோப்புக்காரரையும், உடன் தையல் வேலை செய்யும் பெண்ணையும் அவரே கேட்டுக்கொள்வதாகச் சொல்கிறார். நான் வெளியே இருந்துகொள்கிறேன்.